திரை எந்த நேரத்தில் கறுத்தது? லினக்ஸ் கணினியில் கிராபிக்ஸ் கார்டு பொருத்துவது பற்றி

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை நடத்தும் நண்பர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப் கணினியை வாங்கி டெபியன் 12 என்ற லினக்ஸ் அமைப்பைப் போட்டிருக்கிறார். ரிட்சி தெருவில் என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை ஏழு நாள் சோதனை வாரண்டியுடன் வாங்கிப் பொருத்தினார். இயக்கினால் கம்பெனிச் சின்னம் வருகிறது, எந்த அமைப்பை எழுப்புவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வருகிறது, அதன் பிறகு திரை கறுத்துவிடுகிறது. கடையில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து இந்தக் கணினியின் பகிர்வுக் கோப்புகளையும் திறக்க முடியவில்லை. கார்டைக் கழற்றினால் எல்லாம் பழையபடி ஓடுகிறது. "லினக்ஸில் இந்தக் கார்டு ஓடாது, விண்டோஸ் போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். கார்டைப் பொருத்தும் முறையைத்தான் கேள்வியாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, கோளாறு கார்டிலா, கணினியிலா, லினக்ஸிலா என்பதையும், வாரண்டி முடிவதற்குள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதையும்தான்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் லினக்ஸ் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். புதுக் கார்டு போட்டபின் திரை வரவில்லை என்று அழைப்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, திரை எந்த நேரத்தில் கறுத்தது என்பதுதான். மின்சாரம் கொடுத்தது முதல் ஒன்றுமே வரவில்லை என்றால் அது ஒரு நோய். கிரப் வரை வந்து போனால் வேறு நோய். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தபின் கறுத்தால் மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை வரிசையாக அடிப்பதால்தான் ஒரு மணி நேர வேலை ஒரு வாரம் இழுக்கிறது.

உங்கள் நிலை இரண்டாவது வகை. அதிலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கணினி தொடங்கும்போது தெரியும் சின்னமும் கிரப் பட்டியலும் லினக்ஸின் உதவியால் வருபவை அல்ல. கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிறு மென்பொருளும் மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸும் சேர்ந்து வரைபவை அவை. மானிட்டர் கேபிள் கார்டில்தான் செருகப்பட்டிருந்தது என்றால், கார்டு உயிரோடு இருக்கிறது, ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது என்பது உறுதி. ஆகவே இன்றைக்கே திருப்பிக் கொடுக்க ஓட வேண்டியதில்லை. வேலைப் பளு ஏறும்போதும் கார்டு நிலையாக நிற்குமா என்பது மட்டும் இதிலிருந்து தெரியாது. அதற்கான சோதனையைப் பிறகு சொல்கிறேன்.

கிரப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது? லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்ததும், கார்டைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு திரையின் அளவை மாற்ற முயல்கிறது. என்விடியா கார்டு என்றால் டெபியனில் முதலில் இந்த வேலையைச் செய்ய வருவது நூவோ என்ற திறந்த டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். 1650 கார்டு டூரிங் தலைமுறையைச் சேர்ந்தது. அந்தத் தலைமுறைக் கார்டுகளை முழுமையாக இயக்க, என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் கோப்புகள் (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்) நூவோவுக்கு வேண்டும். டெபியன் 12இன் நிறுவல் நிரல், நிறுவும் நேரத்தில் கணினியில் இருக்கும் வன்பொருளைப் பார்த்துத்தான் ஃபர்ம்வேர் தொகுப்புகளைச் சேர்க்கிறது. நீங்கள் டெபியன் போட்டபோது இந்தக் கார்டு இல்லை, மதர்போர்டின் உள் கிராபிக்ஸ் மட்டுமே இருந்தது. அதனால் அந்தக் கோப்புகள் வந்து சேர்ந்திருக்காது என்பதே என் முதல் சந்தேகம். இது ஊகம்தான். ஆனால் கிரப் வரை நன்றாக வந்து, கெர்னல் எழும்போது கறுக்கும் என்விடியா கார்டுகளில் பெரும்பாலும் டிரைவர் பக்கம்தான் குற்றம் இருக்கும்.

கறுத்த திரையின் பின்னால் கணினி ஓடுகிறதா, உறைந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, காட்சி மட்டும்தான் இல்லை. அப்படியானால் கோப்புப் பகிர்வு ஏன் போனது என்று கேட்பீர்கள். பலரையும் திசைதிருப்பும் இடம் இதுதான். இன்றைய லினக்ஸ் அமைப்புகள் நெட்வொர்க் கார்டுக்குப் பெயர் வைக்கும்போது, அது எந்தப் பாதையில், எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் சூட்டுகின்றன. புதிய கிராபிக்ஸ் கார்டு ஒரு பாதை எண்ணை எடுத்துக்கொண்டால், பின்னால் இருக்கும் நெட்வொர்க் கார்டின் எண் ஒன்று தள்ளிப்போகும். நேற்று 'இஎன்பி2எஸ்0' என்றிருந்தது இன்று 'இஎன்பி3எஸ்0' ஆகிவிடும். நிலையான ஐபி முகவரியைப் பழைய பெயருக்கு எழுதி வைத்திருந்தால், புதிய பெயருக்கு அது பொருந்தாது. பகிர்வுக் கோப்புகளுக்காக நீங்கள் நிலையான முகவரி கொடுத்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ரியல்டெக் சில்லு உள்ள போர்டுகளில் இது அடிக்கடி நடக்கும். நெட்வொர்க் சில்லுக்கு மதர்போர்டே வரிசை எண் தந்து, 'இஎன்ஓ1' என்பது போலப் பெயர் வந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆக, இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் வந்ததால் கணினியே செத்துவிட்டது போலத் தோன்றியிருக்கிறது. இரண்டையும் தனித்தனியே தீர்க்கலாம்.

இப்போது வேலைக்கு வருவோம். கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்து எழுப்பச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். தவறில்லை. திரையின் அளவை மாற்றாதே என்று கெர்னலுக்குச் சொல்வது அது. காட்சி மங்கலாகவும் பெரிய எழுத்துகளாகவும் இருந்தாலும், ஏதோ ஒன்று தெரியும். ஆனால் உங்கள் கணினியில் உள் கிராபிக்ஸ் நன்றாக இருப்பதால் நான் வேறு வழியைச் சொல்வேன். கார்டைக் கழற்றிவிட்டு, நல்ல திரையும் இணையமும் இருக்கும் நிலையிலேயே டிரைவரை நிறுவிவிடுங்கள். டெபியனின் மென்பொருள் மூலப் பட்டியலில் 'கான்ட்ரிப்', 'நான்-ஃப்ரீ' என்ற இரண்டு பகுதிகளையும் சேர்க்க வேண்டும். 12ஆம் பதிப்பில் ஃபர்ம்வேருக்கான பகுதி மட்டும்தான் தானாக இயங்கும், இந்த இரண்டும் இயங்காது. சேர்த்துப் புதுப்பித்தபின், உங்கள் கெர்னலுக்கு ஏற்ப டிரைவரை உருவாக்க உதவும் ஹெடர்ஸ் தொகுப்பு, என்விடியா டிரைவர் தொகுப்பு, ஃபர்ம்வேர் தொகுப்பு ஆகிய மூன்றையும் நிறுவுங்கள். நூவோவை ஒதுக்கிவைக்கும் ஏற்பாட்டை டெபியனின் தொகுப்பே செய்துவிடும்.

என்விடியாவின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கும் நிறுவல் கோப்பை மட்டும் தொடாதீர்கள். விண்டோஸில் அதுதான் வழக்கம் என்பதால் கை தானாக அங்கே போகும். அந்தக் கோப்பு, டெபியனின் தொகுப்பு மேலாளருக்குத் தெரியாமல் தன் கோப்புகளை ஆங்காங்கே வைத்துவிடும். இன்று ஓடும். சில மாதம் கழித்துக் கெர்னலோ மற்ற தொகுப்புகளோ புதுப்பிக்கப்படும்போது இரண்டும் மோதி, முகூர்த்த நாள் வீடியோவை ஒப்படைக்க வேண்டிய காலையில் திரை கறுத்து நிற்கும். டெபியன் வழியாகப் போட்டால், கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற அமைப்பு டிரைவரைப் புதிய கெர்னலுக்கு ஏற்பத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அதற்கு ஹெடர்ஸ் தொகுப்பு கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்கான ஹெடர்ஸை மட்டும் போட்டுவிட்டால் அடுத்த கெர்னலுக்கு அது வராது. கெர்னலோடு சேர்ந்தே நகரும் பொதுவான ஹெடர்ஸ் தொகுப்பைப் போடுங்கள்.

இன்னொரு தடை செக்யூர் பூட். பயாஸில் அது இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. நிறுவல் பிழையின்றி முடியும், டிரைவர் மட்டும் ஏறாது. இதற்கு இரண்டு வழிகள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம், எடிட்டிங் கடைக் கணினிக்கு அது போதும். அல்லது டிகேஎம்எஸ் உருவாக்கும் சாவியைக் கணினியில் பதிவு செய்யலாம். பதிவு செய்யச் சொன்னபின் மறுபடி இயக்கும்போது நீலநிறத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி மட்டும் காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போனால் அது கடந்துவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பத்து நொடியும் திரை முன்னால் உட்கார்ந்திருங்கள்.

டிரைவர் தயாரானதும் கார்டைப் பொருத்தலாம். உங்கள் பகுதிக்கே உரிய இரண்டு விஷயங்களை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக இருக்கும் கடைகளில் கேபினட்டைத் திறந்தால், திருகுகளின் தலையில் துரு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். அதே உப்புக் காற்று கார்டின் பொன்னிறத் தொடுவரிகளையும் ஸ்லாட்டின் உள் பற்களையும் தொடுகிறது. பழைய கார்டின் தொடுவரியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளிச்சென்று இல்லாமல், ஓரங்களில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத் துணியால் நீளவாக்கில் துடைத்தால் போதும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். அதில் தங்கப் பூச்சு தேயும், தூளும் ஸ்லாட்டுக்குள் விழும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் மெதுவாகச் செய்யலாம். ஸ்லாட்டின் கடைசியில் உள்ள சிறு கொக்கி 'டக்' என்று பூட்டும் வரை கார்டை நேராக அழுத்த வேண்டும். கேபினட்டில் திருகு இறுக்கும்போது கார்டின் பின்பகுதி மேலெழும்புகிறதா என்றும் பாருங்கள். கோணலான பழைய கேபினட்டுகளில் திருகை முறுக்க முறுக்கக் கார்டு ஸ்லாட்டை விட்டு வெளியேறும்.

இரண்டாவது எர்த். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கப் பழைய கட்டடங்களில் மூன்று துளை பிளக் இருக்கும், ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கேபினட்டின் உலோகத்தில் புறங்கையை உரசினால் சுள்ளென்று ஒரு கூச்சம் தெரிகிறதா? கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள், எர்த் இல்லாதபோது மெயின் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதியைக் கேபினட்டின் மேல் நிறுத்திவிடும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் வேறொரு பிளக்கில் இருக்கும் மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளை அந்த நிலையில் செருகும்போது, அந்த வேறுபாடு முழுவதும் கார்டின் நுண்ணிய சுற்றுகள் வழியாகப் பாய வாய்ப்புண்டு. எனவே எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். அதுவரை கணினி, மானிட்டர் இரண்டின் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுத்தான் கேபிளைச் செருகுங்கள். கார்டைப் பொருத்தும் முன், பிளக்கைப் பிடுங்கியபின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்னூட்டமும் வடிந்துவிடும்.

மின்சாரக் கணக்கு சிக்கலானது அல்ல. பெரிய ஸ்லாட் தன் வழியாக 75 வாட் வரை தரும். ஆறு பின் இணைப்பு இன்னொரு 75, எட்டு பின் இணைப்பு 150 தரும். 1650 கார்டின் அடிப்படை மாடலுக்கு ஸ்லாட் தருவதே போதும், என்விடியா பரிந்துரைப்பதும் 300 வாட் எஸ்எம்பிஎஸ்தான். சில தயாரிப்பாளர்கள் கூடுதலாக ஆறு பின் இணைப்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் கார்டில் அந்தத் துளை இருந்து, எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான வயர் இல்லை என்றால், ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா இணைப்பிலிருந்து மாற்றித் தரும் சிறு வயரை வாங்கிச் செருகாதீர்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்களுக்கு 54 வாட்தான் வரம்பு. அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணையும் நம்ப வேண்டாம். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

எல்லாம் சரியாக நடந்து திரை வந்ததும், பொருத்தியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையைக் கொடுத்து, அதில் உங்கள் கார்டுக்கு உரிய வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வீடியோ வேலை செய்பவர் என்பதால் இது உங்களுக்கு முக்கியம். 1650 என்ற ஒரே பெயரில் டியூ117, டியூ116, டியூ106 என்று மூன்று வேறு சில்லுகள் வந்திருக்கின்றன. 2019இல் முதலில் வந்த டியூ117 சில்லில் இருக்கும், வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் என்கோடர் முந்தைய வோல்ட்டா தலைமுறையுடையது. மற்ற இரண்டிலும் டூரிங் தலைமுறையின் மேம்பட்ட என்கோடர் இருக்கிறது. ஒரே கோப்பு அளவில் கொஞ்சம் நல்ல தரம் கிடைக்கும். டியூ117 என்று வந்தால் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம், சந்தையில் மிகுதியாக இருப்பது அதுதான். கெடன்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வெட்டி ஒட்டும்போது கார்டினால் பெரிய வேகம் வந்துவிடாது, அந்த வேலையின் பெரும்பகுதியை இன்னும் பிராசஸரே செய்கிறது. முடித்த வீடியோவை வெளியெடுக்கும்போது என்விடியா என்கோடரைத் தேர்ந்தெடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் டைட்டில் செய்பவர் என்றால் பலன் உடனே கண்ணில் படும்.

கார்டு நல்லதா என்பதை ஏழு நாளுக்குள் உறுதி செய்யுங்கள். ஒரு முழுக் கல்யாண வீடியோவை வெளியெடுக்க விட்டு, இன்னொரு முனையத்தில் 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளையில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றினாலும், பளு ஏறும்போது கணினி தானாக அணைந்து எழுந்தாலும், ஒருநாள்கூடக் காத்திருக்காமல் திருப்பிவிடுங்கள். அணைந்து எழுவதற்கு எஸ்எம்பிஎஸ்ஸும் காரணமாக இருக்கலாம். நண்பரின் கணினியில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் அது தெளிந்துவிடும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத கடையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் விசிறியின் தூசியைத் துடைத்து, கேபினட்டின் பக்கவாட்டுக் காற்றோட்டத்தை மறைக்காமல் வையுங்கள். கார்டு முன்பு எப்படி உழைத்தது, கிரிப்டோ சுரங்கத்தில் இருந்ததா என்பதையெல்லாம் நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. பார்த்தாலும் நிச்சயமாகச் சொல்வது கடினம்.

கடைக்காரரின் சொல்லுக்கும் ஒரு பின்னணி இருக்கிறது. நீண்ட காலம் என்விடியா தன் டிரைவரின் உள்ளமைப்பை மூடியே வைத்திருந்தது. டூரிங்கும் அதற்குப் பிந்தைய தலைமுறைகளுக்கும் கெர்னல் பகுதியை அது திறந்து வெளியிட்டது 2022 மே மாதம்தான். ஏஎம்டியின் டிரைவரோ 2015இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் தொகுப்பு மட்டும் இருந்தால் தனியாக எதையும் நிறுவாமலே அந்தக் கார்டுகள் ஓடும். அடுத்த முறை லினக்ஸுக்கென்றே வாங்கினால், பிளெண்டர் முக்கியமில்லாத பட்சத்தில், நான் ஏஎம்டியைத்தான் சொல்வேன். ஆனால் கையில் இருக்கும் 1650 லினக்ஸில் ஓடாது என்பது உண்மையல்ல.

எல்லா யூனிக்ஸ் வகைக் கணினிகளிலும் இதே முறைதானா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் என்விடியாவின் டிரைவர் தொகுப்பு உண்டு. அதை நிறுவியபின், தொடக்கத்தில் ஏற்ற வேண்டிய கெர்னல் தொகுதிகளின் வரியில் நீங்களே சேர்க்க வேண்டும். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு அங்கே தனித் தொகுப்பு இருக்கிறது. ஓபன்பிஎஸ்டிக்கு என்விடியா டிரைவர் தருவதில்லை, ஆகவே அங்கே ஏஎம்டியோ இன்டெல்லோதான்.

நெட்வொர்க் பெயரைச் சரிசெய்ய, கார்டு பொருத்திய நிலையில் 'ஐபி ஏ' கட்டளை காட்டும் புதிய பெயரைக் குறித்துக்கொண்டு, நிலையான முகவரி எழுதிய கோப்பில் பழைய பெயர் வரும் இடமெல்லாம் மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் திரை கறுத்தால், அது கறுக்கும் நேரம், கேப்ஸ் லாக் விளக்கின் நிலை, 'எல்எஸ்பிசிஐ' காட்டும் கார்டு வரி, எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியர் ஆகிய நான்கையும் இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.